பள்ளிவாசலுக்குள் பக்கத்துத் தெருவையும் அழையுங்கள்

டெல்டா ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பெரியவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை, நீடூர் என்று காவிரி பாயும் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சுமக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு நாளாவது, பக்கத்துத் தெருவில் இருக்கும் மாற்று மதச் சகோதர சகோதரிகளைப் பள்ளிவாசலுக்குள் கூப்பிட்டு, நம் மார்க்கம் என்ன என்று நாமே சொல்ல வேண்டும்.

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் வருகிறது. அங்கே 131 அடி உயரத்தில் நிற்கும் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங்தான். ஆனால் பெரியவர் அடங்கியிருக்கும் தர்கா வேறு, தொழுகை நடக்கும் பள்ளிவாசல் வேறு. நோன்பு மாதத்தில் அஸர் என்ற மாலைத் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் அரிசியோடு குழைந்து, தேங்காய்ப்பால் வாசத்தோடு வரும் அந்தக் கஞ்சி அவர்களுக்கு அத்துப்படி. வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

"உள்ளே என்ன சாமி இருக்கு அக்கா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். வாயால் பதில் சொல்வதைவிடக் காட்டிவிடலாம். விரித்த பாய், மேற்குச் சுவரில் இமாம் நிற்கும் மாடம், வெள்ளிக்கிழமை குத்பா உரைக்கு ஏறும் மிம்பர் மேடைப் படி. உருவமோ படமோ கிடையாது. நிலத்துக்காரரும் அவர் வயலில் நாற்றுப் பறிக்கிறவரும் தோளோடு தோள் நிற்பார்கள். முந்தி வந்தவருக்கு முன்வரிசை. இறைவன் ஒருவனே, முஹம்மது நபி அவனுடைய தூதர் என்ற கலிமாவை அந்த வெறும் சுவருக்கு முன்னால் நின்று சொன்னால் கேட்பவர் மனதில் தங்கும்.

தொழுகை, நோன்பு, ஹஜ் பற்றி ஊருக்கு ஓரளவு தெரியும். ஜகாத் என்ற கட்டாய தர்மத்தைத்தான் நாம் சொல்வதே இல்லை. சொன்னாலும், சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை ஏழைக்குப் போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். விளைச்சலுக்கும் கணக்கு உண்டே! மழையிலோ ஊற்றிலோ தானாகப் பாயும் நீரிலோ விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று என்று நபி அவர்கள் வகுத்தார்கள். மேட்டூர்த் தண்ணீர் மடைக்குத் தானே வந்து சேரும் வருஷமும், டீசல் ஊற்றி மோட்டார் ஓட்டும் வருஷமும் ஒன்றல்ல என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடுபட்டவன், காசு செலவழித்தவன் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று 1,400 வருஷத்துக்கு முன்பே சொன்ன மார்க்கம் இது. வயல்காட்டு மக்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். நம் மார்க்கத்தின் நியாயம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நோன்பையும் நம் சாகுபடிக் கணக்கிலேயே சொல்லலாம். சந்திரக் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துவிடுகிறது. 2016இல் ஜூனில், குறுவைத் தண்ணீரை எதிர்பார்க்கும் நாட்களில் வந்தது. 2026இல் பிப்ரவரியில், சம்பா அறுவடை ஓயும் நேரத்தில். விடியல் தொடங்கிச் சூரியன் மறையும்வரை தண்ணீரும் கிடையாது என்று சொல்லும்போதே, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், தமிழ். தமிழ்ப் புலவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் பிறந்த மண் இது. நம் வீட்டு மூத்த பெண்கள் அரபு எழுத்தில் தமிழை வாசித்தவர்கள். யார் வீட்டிலாவது அப்படி எழுதிய பழைய அரபுத்தமிழ்க் கிதாபு, அதாவது புத்தகம், இருந்தால் ஒரு மேசைமேல் வையுங்கள். நாம் எங்கிருந்தோ வந்தவர்கள் என்ற பேச்சுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

முஸ்லிம் அல்லாதவர் பள்ளிக்குள் வரலாமா என்று சிலர் தயங்குவீர்கள். நஜ்ரான் என்ற அரபு ஊரிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவை நபி அவர்கள் மதீனாப் பள்ளியில்தான் வரவேற்றார்கள். ஸகீஃப் என்ற அரபுக் குலத்தார் இஸ்லாத்துக்கு வருவதற்கு முன்பே அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். நீடூரிலும் லால்பேட்டையிலும் அரபுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மார்க்கம் படித்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் இதை மதம் மாற அழைக்கும் மேடையாக ஆக்கிவிடாதீர்கள். நம்பி வருகிற விருந்தாளியிடம் அது முறையல்ல.

வருகிறவர்களில் பெண்களும் இருப்பார்கள். அவர்களை யார் உள்ளே அழைத்துப் போவது? நம் பள்ளிகள் பலவற்றில் நம் பெண்களுக்கே இடமில்லை. அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்று நபி அவர்கள் சொன்னது ஹதீஸில் இருக்கிறது. அன்று ஒரு நாளாவது நாங்களும் உள்ளே வந்து, எங்கள் சிநேகிதிகளுக்கு, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரையும் சொத்தில் பெண்ணுக்குள்ள பங்கையும் எங்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள். கைக்கூலி என்ற வரதட்சணை எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால், அது மார்க்கத்தில் இல்லை, நாங்கள் செய்கிற தவறு என்று ஒளிக்காமல் சொல்வோம்.

நபி பிறந்த மீலாது மாதத்தில் மேடை, ஒலிபெருக்கி என்று எவ்வளவோ செலவு செய்கிறோம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் டீயும் போதும். அஸருக்குப் பிறகு வரட்டும், கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும், சூரியன் மறைந்ததும் நடக்கும் மஃரிப் தொழுகையைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசித் தேதி குறியுங்கள். பெண்கள் பக்கத்து வேலையை நானும் என் தெருப் பெண்களும் எடுத்துச் செய்கிறோம்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
டெல்டாவில் பிறந்து வளர்ந்த உங்கள் சகோதரி