கேட்டுக்கு எதிரே கடை வைத்திருப்பவன் எழுதுவது

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் என் கடையைப் பற்றிப் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. என் கடை உங்கள் கேட்டிலிருந்து முப்பது தப்படி. தப்பு என்மேல்தான். வாசலில் தொங்கவிட்டிருந்த பாக்கெட் சரங்களை இறக்கிவிட்டேன்.

ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போனதும் செல்போனைக் கையில் எடுக்கிறானே, அதில் வருகிற விளம்பரத்துக்கு எந்த மீட்டர் கணக்கு? அதனால்தான் விளம்பரத்தைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே பழக்குங்கள் என்று எழுதுகிறேன்.

கடைக்காரனுக்குத் தெரிந்த சங்கதி ஒன்று சொல்கிறேன். சரத்தை எங்கே கட்ட வேண்டும் என்று ஏஜென்சித் தம்பி வந்து காட்டிக்கொடுப்பார். மூணாம் வகுப்புப் பிள்ளையின் மூக்குக்கு நேரே கட்டணும். கட்டினால் எனக்கு ஸ்கீமில் நாலு பாக்கெட் சும்மா கிடைக்கும். பிள்ளையும் ருசிக்காகக் கேட்பதில்லை. “அண்ணாச்சி, உள்ள ஸ்டிக்கர் இருக்கும்லா, அதத் தாங்க” என்பான். ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு பாதிப் பாக்கெட்டை ஓடையில் போட்டுவிட்டுப் போன பயலும் உண்டு. அந்தப் பாக்கெட்டின் 5 ரூபாய் விலை வருஷக்கணக்காக அப்படியே நிற்கிறது. குறைவது கிராம்தான். எந்தப் பிள்ளையும் அதைப் பார்ப்பதில்லை. பெரியவர்கள் மட்டும் பார்க்கிறார்களாக்கும்!

என் பேத்தி அஞ்சாம் வகுப்பு. ஒருநாள் கடையில் உட்கார்ந்து மாம்பழ ஜூஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும், அது சட்டம் என்று சொன்னேன். பின்பக்கத்து எழுத்து கடுகளவு, என் கண்ணாடிக்கே சிக்காது. அவள் இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். முதல் பெயர் தண்ணீர். பாட்டிலை மறுபடி முன்பக்கம் திருப்பினாள். “அப்போ தண்ணி படம்லா தாத்தா போட்டிருக்கணும்?”

இந்தக் கேள்வியைத்தான் வகுப்பில் பழக்குங்கள் என்கிறேன். விளம்பரமெல்லாம் பொய் என்று உறுதிமொழி எடுக்க வைத்தால் போதாது. ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பார்க்கிற அல்வாக் கடையெல்லாம் ‘ஒரிஜினல்’. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை பெயர்ப்பலகை இல்லாமலே பேர் வாங்கியது. சாயங்காலமானால் வரிசை நிற்கிறது. ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாதாடட்டுமே.

பெரிய பிள்ளைகளிடம் 2022-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலைக் கொடுங்கள். ‘அப்பா அம்மாவை வாங்கித் தரச் சொல்லு’ என்று பிள்ளைகளை நேரடியாகத் தூண்டக் கூடாது, ஆதாரமில்லாமல் இதைக் குடித்தால் அறிவு வளரும் என்று சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி டிவியில் பார்த்த விளம்பரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்றொரு வகையே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பின் கீழ் பானங்களைப் போடாதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் வியாபாரிகளுக்குச் சொன்னது. என் கடைக்கு வருகிற தாய்மார் இன்னும் அந்தப் பேரைச் சொல்லித்தான் டின்னைக் கேட்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பாடத்தை உங்கள் காம்பவுண்டுச் சுவரிலிருந்தே தொடங்கலாம். டியூஷன் சென்டர்காரர் அதில் ஆறு பிள்ளைகளின் படத்தையும் மார்க்கையும் எழுதி வைத்திருக்கிறார். சேர்ந்தது மொத்தம் எத்தனை பேர் என்று எழுதவில்லை.

வாரம் ஒரு பீரியட் போதும். காலிப் பாக்கெட்டும் தராசும் நானே கொண்டுவருகிறேன், காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என்றால் தோது. சனிக்கிழமை எனக்குச் சரக்கு எடுக்கிற நாள்.

இப்படிக்கு,
எதிர்க்கடை அண்ணாச்சி