முதலில் தரை தெரியட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கரைபுரண்டு, கடலூர், விழுப்புரம் மாவட்டத்து வயல்களில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'விவசாயிகள் நம்பிக்கை இழக்கக் கூடாது' என்று அதை முடித்திருந்தீர்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயலுக்குத் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த பேராவூரணிப் பக்கத்துக்காரன் நான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு அது யாருடைய ஆறுதல் பேச்சிலிருந்தும் வரவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் தைரியமாக இருங்கள் என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். அவர்கள் கார் ஏறிப் போனதும் திரும்பிப் பார்த்தால், தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை. ஏக்கருக்கு 70 மரம் வைப்பது வழக்கம். அத்தனையும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் மோட்டார் கொட்டகைக்குக்கூட வழி கிடையாது. வேரோடு சாய்ந்தவை ஒரு பக்கம், நடுவில் முறிந்தவை ஒரு பக்கம், நிற்கிறதே என்று பார்த்தால் குருத்து திருகிப்போனவை இன்னொரு பக்கம். சாய்ந்த மரம்தான் ரொம்பப் பாடுபடுத்தியது. ஒரு பக்கத்து வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மட்டை பல நாள் பச்சையாகவே இருக்கும். படுத்த வாக்கிலேயே பாளை வெடித்த மரத்தை நான் பார்த்தேன். "இது பொழைச்சுக்கும்டா, விடு" என்று சித்தப்பா அதன் மேல் அறுக்கும் மெஷினை வைக்க விடவில்லை. அதை மட்டும் கடைசிவரை விட்டு வைத்தோம்.

அப்போது அரசு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. அகற்றுவதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கியது சரியான யோசனை என்று இன்றைக்கும் சொல்வேன். சிக்கல் தொகையில் அல்ல, எது முதலில் எது பிறகு என்ற வரிசையில் இருந்தது. கணக்கெடுக்க வருகிறவர்கள் மரம் கிடப்பதைப் பார்க்க வேண்டுமே என்று, விழுந்ததைத் தொடாமல் காத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடினால் ஆளுக்கு எங்கே போவது? மரம் அறுக்கும் மெஷினுக்கு அவ்வளவு கிராக்கி. அதுவும் தென்னை மரத்தின் நார் சங்கிலியின் பல்லைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். அறுக்கிற நேரத்தைவிட அரம் போடுகிற நேரம்தான் அதிகம். செங்கல் சூளைக்குத் துண்டு போட்டு விற்கலாம் என்றால், எல்லாத் தோப்பிலும் அதே சரக்கு. லாரி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் மொய் விருந்துக்குப் பேர்போனது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு நான் வைத்தால் நாளைக்கு நீ செய்ய வேண்டும். வேலையையும் அப்படியே மாற்றிக்கொண்டோம். பங்காளிகளும் பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டமாக ஆளாளுக்கு முறை வைத்து இறங்கினோம். யார் தோப்பில் வேலையோ அவர்கள் வீட்டில் சாப்பாடு. யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டும் போட்டோம், அது தனிக்கதை. ஒருத்தர் தோப்பு முழுவதையும் முடித்துவிட்டு அடுத்தவர் தோப்புக்குப் போவது என்று நாங்கள் போகவில்லை. எல்லோருக்கும் முதலில் மோட்டார் கொட்டகையைச் சுற்றிப் பத்து சென்ட், இருபது சென்ட் மட்டும் சுத்தம் செய்து கொடுத்தோம். இதைத்தான் கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் துண்டு நிலத்தில் மண் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் தோப்புக்கு வந்தார்கள். அதுவரைக்கும் அந்தப் பக்கமே திரும்பாதவர்கள், அங்கே என்ன போடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். நிழல் விழுந்து கிடந்த இடத்தில் நல்ல வெயில். கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்ததால் ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் இறைத்துக் கடலை போட்டோம். லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் போய்ப் பார்க்க ஒரு பயிர் இருந்தது. பக்கத்துத் தோப்பு அக்கா, விழுந்த குலைகளில் முற்றின நெற்றுகளை மட்டும் பொறுக்கி மணலில் பதியம் போட்டுவிட்டார். மரம் கிடந்தபடி கிடக்க, நாற்றங்கால் தயார்!

சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டால் வருகிற வினை வேறு இருக்கிறது. அழுகுகிற தென்னைத் தண்டும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். புழு அதற்குள்ளேயே வளர்ந்து வண்டாகிப் பறந்துபோய்க் குருத்தைக் குடையும். விரிந்த மட்டையைப் பார்த்தால் கத்தரிக்கோலால் வெட்டியது போல இருக்கும். மரத்தை வரப்போரம் உருட்டித் தள்ளிவிட்டு மறந்துபோன இடங்களில், புதிதாக நட்ட கன்றுகள்தான் அடி வாங்கின. வண்டை இழுத்துப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் வைப்பது, குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்கில் பாச்சை உருண்டையும் மணலும் போடுவது, எருக்குழியில் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் விடுவது என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அத்தனையையும்விடத் தண்டை அப்புறப்படுத்துவதுதான் சுலபம். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். நடுவில் ஒரு குருத்து போனால் அத்தனை வருஷமும் இன்னும் நீளும்.

தென்பெண்ணைக் கரைக்காரர்கள் பாடு வேறு மாதிரி. மரத்தை வெட்டினால் ஏதோ ஒரு மூலையில் குவிக்கலாம். மணலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மெல்லிய வண்டல் படிந்த வயலை உழுது மடக்கிவிடலாம். முழங்கால் அளவு மணல் ஏறிய வயலை மாட்டை வைத்தோ மண்வெட்டியை வைத்தோ ஒரு குடும்பம் மீட்க முடியாது. அங்கே பொக்லைன் வேண்டும், டீசல் வேண்டும், கொட்ட இடம் காட்ட ஒரு அதிகாரி வேண்டும். நிவாரணத் தொகை கைக்கு வருவதற்கு முன்னால் இவை வர வேண்டும்.

இன்னொன்று, இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. புல எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் கொடுத்தால் அதைச் சேத ஆதாரமாக ஏற்றுக்கொண்டு, அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க விட்டுவிடலாம். ஏமாற்றுகிறவன் இருப்பான்தான். அவனுக்காக மற்றவர்களைக் குப்பைக்கு நடுவில் உட்கார வைக்க வேண்டுமா?

நீங்களும் ஒன்று செய்யலாம். புயல் வந்த வாரம் பக்கம் பக்கமாகப் படம் போடுகிறீர்கள். அடுத்த மாதமும் யாரையாவது அனுப்புங்கள். எந்த ஊரில் பொக்லைன் கிடைக்கிறது, மணிக்கு என்ன வாடகை கேட்கிறார்கள், விதையும் கன்றும் எந்த அரசுப் பண்ணையில் இருப்பு இருக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். எங்கள் தோப்புகள் கிடந்த கிடையில் நாங்கள் பேப்பரில் தேடியது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.