கொரிய எழுத்து வகுப்பு: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் மாலை வகுப்பாகக் கொரிய எழுத்தான ஹங்குல் கற்றுத்தருகிறோம். வீட்டில் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எழுத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலோ தமிழிலோ உச்சரிப்பை எழுதி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். அப்படிப் பழகிய பிள்ளையின் கண் அந்தக் குறிப்புக்குத்தான் போகும், கொரிய எழுத்துக்குப் போகாது.

வடிவத்திலேயே ஒலியைச் சொல்லிவைத்திருக்கும் எழுத்து இது. கொரியர்கள் சீன எழுத்தில் எழுதிவந்த காலத்தில் எளிய மக்களுக்குப் படிப்பு எட்டவில்லை. சோசன் அரசின் நான்காம் மன்னர் செஜோங் 1443-இல் 28 எழுத்துகளை உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். 1444-இலேயே அரசவை அறிஞர் சோ மல்லியும் உடனிருந்தவர்களும், சீன எழுத்தை விட்டு விலகுவது நாகரிகமற்றோர் செயல் என்று மனுக் கொடுத்தார்கள். மன்னர் பின்வாங்கவில்லை. வடிவங்களின் காரணத்தை விளக்கும் மூலநூல் 1940-இல்தான் வெளிப்பட்டது. அதுவரை, சன்னல் சட்டங்களைப் பார்த்து வரைந்தவை என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நூல் சொல்வதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்து பாருங்கள். 'ன்' என்று சொல்லி நிறுத்தினால் நாக்கின் நுனி மேலெழும்பி ஈறைத் தொடும். இடப்பக்கம் நிமிர்ந்த கோடு, அடியில் படுத்த கோடு: நாக்கின் அந்த நிலைதான் கொரிய நகரம், அதாவது 'ந்' எழுத்து. அதன் தலையில் ஒரு கோடு போட்டால் தகரம். நடுவில் இன்னொரு கோடு சேர்த்தால் மூச்சு அழுத்தி வரும் தகரம். மகரம் வாயின் வடிவமான சதுரம், சகரம் பல்லின் வடிவம். தமிழ் இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு படித்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

இன்று அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. இரட்டை மெய்யும் கூட்டு உயிரும் சேர்த்தால் 40. பிள்ளைகள் தடுமாறுவது எண்ணிக்கையில் அல்ல, அடுக்குவதில். எழுத்துகளை வரிசையாக எழுதாமல், ஓர் அசைக்கு ஒரு கட்டமாக அடுக்க வேண்டும். நிமிர்ந்த உயிர் மெய்யின் வலப்பக்கம் நிற்கும்; படுத்த உயிர் மெய்யின் கீழே போகும்; இறுதி மெய் எப்போதும் அடியில். 'ஹங்குல்' என்ற பெயரில் ஆறு எழுத்துகள், இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஹகரமும் ஆகாரமும் பக்கம் பக்கமாக, அடியில் நகரம். இரண்டாவதில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்று.

அதனால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு வேண்டும். கோடு போட்ட நோட்டு சரிவராது. நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஓர் அசைக்கு இடம் கொடுங்கள். தினம் 15 நிமிடம் போதும். கோடுகள் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். சதுரத்தின் மூலை மழுங்கினால் வட்டமாகிவிடும். மகரம் போய் வேறு எழுத்து ஆகிவிடும். உயிரில் சின்னக் கோடு வலப்பக்கம் நீண்டால் 'ஆ', இடப்பக்கம் நீண்டால் உதடு குவியாத ஒகரம். முதல் இரண்டு வாரம் இவை மாறிப்போவது சகஜம்.

ஒலியில் நம் பிள்ளைகளுக்கு நல்ல சாதகம் உண்டு. சொல் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கு நடுவில் மென்மையாகவும் வரும் ககரம் கொரியத்திலும் அப்படியே. படுத்த ஒற்றைக் கோட்டு உயிர், 'பாட்டு' என்பதன் கடைசியில் நாம் சொல்லும் உதடு குவியாத உகரத்துக்கு நெருக்கம். சிரமம் வல்லின மூவகையில்: சாதாரணம், மூச்சு அழுத்தம், இறுக்கம். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதில் காற்று நன்றாகப் படும், மூன்றாவதில் படவே படாது.

எழுதுவது ஒன்று, படிப்பது வேறு என்று பிள்ளை வந்து குழம்பினால் அது தவறல்ல. அசையின் இறுதியில் ஒலிப்பவை ஏழே மெய்கள். 'உடை' என்ற பொருள் தரும் சொல்லின் அடியில் சகரம் எழுதி 'ஒத்' என்பார்கள். பின்னால் 'இ' சேர்ந்தால் 'ஒஷி' என்று சகரம் திரும்பிவரும். சொல்லின் வேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே இப்படி எழுதுகிறார்கள். 1933-இல் வகுத்த எழுத்து விதிகளும் இதையே பின்பற்றின.

பிள்ளைகள் முதலில் தங்கள் பெயரை எழுத ஆசைப்படுவார்கள். ர, ல, ள, ழ நான்குக்கும் அங்கே ஒரே எழுத்து. வகரத்துக்குத் தனி மெய் இல்லை. பெயர் கொஞ்சம் மாறித்தான் வரும், திருத்த வேண்டாம். நோட்டை வரும் திங்கள்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்