கடைத்தெரு வணிகர் சங்கம், ஈஸ்ட்ஹாம், லண்டன்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 11 அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராத 34 பேருக்கும் இதை அச்சடித்து நானே கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஜனவரியில் பொங்கல் வழமைபோல நடந்தது. குப்பை எடுக்கும் நேரத்தை மாற்றச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதினோம். பதில் வந்தது, நேரம் மாறவில்லை. ஓகஸ்ட் சுற்றுலா மழையால் நின்றுபோனது. கூட்டங்கள் 6. அதில் இரண்டுக்கு நானும் பொருளாளரும் மட்டும்.

இனி ஒன்லைன் வற் (VAT, பொருளின் விலையோடு சேர்த்து அறவிடும் வரி) விவகாரம். செயலாளர் தன் பாத்திரக் கடைக்காகச் சங்கக் காசைக் கரைக்கிறார் என்றொரு கதை உலாவுவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கடையில் ஒரு குக்கர் 24 பவுண். அதில் 4 பவுண் வற். அது என் காசல்ல, அரசாங்கத்தினுடையது. அதே குக்கர் இணையச் சந்தையில் 19.99. அரிசி, பருப்பு விற்பவர்களுக்கு வற் பூச்சியம் என்பதால் இது உறைக்காது. பாத்திரம், சேலை, போன் சார்ஜர் விற்பவனுக்குத்தான் வயிறு எரியும்.

வெளிநாட்டு விற்பனையாளர் சரக்கை இங்கே களஞ்சியத்தில் வைத்து விற்றால், முதல் விற்பனையிலிருந்தே வற்றுக்குப் பதிய வேண்டும். 90,000 பவுண் வரை பதியத் தேவையில்லை என்ற சலுகை இங்கே இருந்து தொழில் செய்கிற நமக்குத்தான். பலர் பதியவே இல்லை. ஒன்லைன் விற்பனையில் இப்படி 2015-16இல் மட்டும் 100 கோடி முதல் 150 கோடி பவுண் வரை வற் வராமல் போயிருக்கும் என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி மதிப்பிட்டதை, 2017இல் தேசியக் கணக்காய்வு அலுவலகம் தன் அறிக்கையில் எழுதியது. பிறகு 2021 ஜனவரி 1 முதல், வெளிநாட்டு விற்பனையாளருக்கான வற்றை இணையச் சந்தையே அறவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. லொக்டவுன் இல்லாவிட்டால் அன்றைக்கு லட்டு கொடுத்திருப்பேன்.

ஆனால் ஓட்டை அடைபடவில்லை. கொம்பனிகளைப் பதியும் அரசாங்க அலுவலகமான கொம்பனீஸ் ஹவுஸில் ஒரு கொம்பனியைப் பதிந்து இங்கத்தைய முகவரி ஒன்றைக் காட்டினால் ஆள் உள்ளூர்க்காரன் ஆகிவிடுகிறான். வற் அவன் பாடு என்று சந்தை கைகழுவிவிடும். கார்டிஃபில் ஒரேயொரு வீட்டு முகவரியில் 11,000க்கு மேற்பட்ட சீனக் கொம்பனிகள் வற்றுக்குப் பதிந்திருந்த கதை செய்தியில் வந்ததே.

ஆகவே இந்த வருடம் சங்கக் காசில் 143 பவுணுக்கு 12 சாமான் வாங்கி, ஒவ்வொருவரிடமும் வற் ரசீது கேட்டேன். 5 பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவரின் வற் எண்ணை அரசாங்க இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால் வேறு கொம்பனியின் பெயர் வருகிறது. வேறு 3 பேர் அனுப்பிய ரசீதில் வற் எண்ணே இல்லை. 4 பேரிடமிருந்து பதிலே இல்லை. இரண்டு முகவரிகளுக்கு நேரில் போனேன். ஒன்று நகம் பூசும் கடை. அங்கே நின்ற பிள்ளை, "நீங்களும் கடிதம் எடுக்கவா வந்தீர்கள்?" என்று கேட்டது.

இதெல்லாம் அத்தாட்சி ஆகாது என்று எனக்கும் தெரியும். எண் இல்லாதவர் நம் பூக்கடை அக்காவைப் போல உண்மையான சிறு வியாபாரியாகவும் இருக்கலாம். யார் எவர் என்று பார்ப்பது எச்எம்ஆர்சியின் வேலை. பட்டியலை அவர்களுக்கும் நம் எம்பிக்கும் அனுப்பினேன். கிடைத்தது என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. அந்த 12 சாமானும் சங்க அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, என் கடையில் அல்ல.

நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 135 பவுணுக்குட்பட்ட இறக்குமதிப் பொதிகளுக்கான சலுகை 2029 மார்ச்சுக்குள் நீங்கும் என்றார்கள். அது சுங்கத் தீர்வை, வற் வேறு. இரண்டையும் குழப்பி "வென்றுவிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டவர் யாரென்று சொல்லமாட்டேன்.

இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லும் நம் மனுவில் 45 பேரில் 17 பேர்தான் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர், "அண்ணை, கடைக்குப் பையே இணையச் சந்தையில்தான் வாங்குகிறேன், எப்படிச் சைன் வைக்கிறது?" என்றார். அவராவது உண்மை பேசினார். பொங்கல் தோரணமும் அங்கிருந்துதான் வந்தது என்பதை ரசீதுகளை அடுக்கும்போது கண்டேன். அதிலும் வற் எண் இல்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. விவரம் பொருளாளரிடம். சந்தா 60 பவுண், கட்டியவர்கள் 19 பேர். போன வருடம் "அடுத்த மாதம்" என்றவர்கள் இந்த வருடமும் அதையே சொன்னார்கள்.

தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் நான் இந்தப் பதவியில் தொடர்வதாக இல்லை. இதைப் போன வருடமும் சொன்னேன், ஒரு விண்ணப்பமும் வரவில்லை. இந்த முறை முடிவு நாள் ஜனவரி 31. அதுவரை வற் மனு என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும், பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். சந்தாப் புத்தகமும் அங்கேதான்.