கேமராவை விற்க வேண்டாம் கண்ணு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் பேசும்போது, "அப்பா, அந்த ரிக்கோ ஜிஆர் 3 கேமரா அங்க சும்மாதான கிடக்குது, வித்துடுங்க, எனக்கு போன்லயே நல்லா வருது" என்று சொன்னாய். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க மனசு ஒப்பவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அது சும்மா கிடக்கவில்லை. நீ விட்டுப்போன நாளிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். கிலோவுக்கு மேல் கனமான யாஷிகா ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் கல்யாண வீடுகளுக்கு அலைந்தவன் நான். பெரிய கேமராக்களில் இருக்கிற அளவு சென்சாரை, அதாவது படம் பதிகிற சில்லை, இந்த டப்பிக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் காங்கேயம் காளையின் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இந்தக் கேமராவில் ஜூம் கிடையாது, 28 மில்லிமீட்டர் அகலப் பார்வை ஒன்றுதான். தூரத்தில் நின்றால் ஆள் எறும்பு மாதிரி தெரிவார். பக்கத்தில் போயே ஆகவேண்டும். போனேன். "எந்த ஊருங்க?" என்று கேட்டார். பேசிக்கொண்டே எடுத்தேன். அமுக்கின சத்தம் அவருக்கும் கேட்கவில்லை, மாட்டுக்கும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், கொம்பின் வளையங்கள், அவர் நகத்தடி எண்ணெய் அழுக்கு, காளையின் கண்ணுக்குள் சின்ன வெள்ளைப் புள்ளியாக என் வேட்டி. 24 மெகாபிக்சல் போன்களிலும் உண்டு, அது பெரிதில்லை. போன் பல படங்களைச் சேர்த்து, தோலை வழித்து, நிழலை வெளுத்துக் கொடுக்கும். இது கண்ட வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. அந்தப் பெரியவரின் முகத்துக்கு நிழல் வேண்டும் கண்ணு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஸ்நாப் ஃபோகஸ். நீ அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். தூரத்தை நாமே சொல்லிவிடலாம், ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு என்று. அப்புறம் பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினால் ஃபோகஸ் தேடாமல் உடனே எடுத்துவிடும். லென்ஸின் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி, தூரத்தை இரண்டு மீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் தள்ளி இருப்பவரிலிருந்து தெருக்கோடி வரை ஓரளவு தெளிவாக வந்துவிடுகிறது. தாலி ஏறும் நேரத்தில் யாஷிகாவின் கண்ணாடியில் குனிந்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஏழடி என்று திருகி வைத்துக்கொண்டு, மணவறைக்கு ஏழடியில் போய் நிற்பேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான், தப்ப முடியாது. 2019-இல் வந்த கேமராவுக்குள் அந்தப் பழைய கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கம்மா பார்த்துவிட்டாள்.

குறையையும் சொல்கிறேன். பிள்ளை வரப்போகிற வீட்டுக்கு எதுவும் மறைத்துச் சொல்லக்கூடாது.

ஃப்ளாஷ் கிடையாது. இதற்கு முந்தின மாடலில் இருந்தது, இடம் பற்றாமல் இதில் எடுத்துவிட்டார்கள். லென்ஸ் துவாரம் எஃப் 2.8 வரைதான் திறக்கும். விளக்கு மங்கலான அறையில் தானாக ஃபோகஸ் பிடிக்கக் கொஞ்சம் தடுமாறும். கை நடுக்கத்தை உள்ளேயே சமாளிக்கிறது, அதை நம்பி ஷட்டரை மெதுவாக்கலாம். ஆனால் கைகாலை உதைக்கிற குழந்தையை அது என்ன செய்யும்? அந்த நேரத்தில் உன் போன்தான் ஜெயிக்கும். வீடியோவுக்கும் போனே போதும். கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரும் இல்லை, வெயிலில் பின்திரையைப் பார்க்க எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

பேட்டரி சுமார் 200 படம்தான் தாங்கும். இன்னொன்று வாங்கி வைத்துவிட்டேன்.

தூசியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற அமைப்பு, உடம்புக்குத் தூசியும் தண்ணீரும் புகாத காப்பு இல்லை. சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதற வழி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் உள்ளே ஆழமாகப் போய்விட்டால் பிரித்துத்தான் சுத்தம் செய்யவேண்டும். முன்னால் நான் வைத்திருந்த வேறொரு சின்ன கேமராவில் அப்படி ஒரு புள்ளி விழுந்து, எடுத்த வானத்திலெல்லாம் கறுப்பாக உட்கார்ந்துகொண்டது. அதனால் அந்தியூர்ப் புழுதியில் இதை உங்கம்மா தைத்த துணிப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன், எடுக்கும்போது மட்டும் வெளியே. நீயும் கைப்பையில் சாவி, பவுடரோடு போட்டுவிடாதே.

இத்தனையும் பார்த்த பிறகும் விற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உன் வீட்டு ஜன்னல் பெரியது என்று மாப்பிள்ளை சொன்னார். காலை வெளிச்சத்தில் தூங்குகிற குழந்தைக்கு இதைவிட நல்ல கேமரா எனக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லை, எழுப்பாது. கிட்டத்துப் படத்துக்கான மேக்ரோவில் போட்டால் ஆறு சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். நீ பிறந்தபோது உன் விரல் நகங்களை எடுக்க ஆசைப்பட்டேன், யாஷிகா அவ்வளவு கிட்டே வராது. அந்தப் படம் நம் வீட்டில் இல்லை. உன் பிள்ளையுடையதாவது இருக்கட்டும்.

மார்கழியில் உங்கம்மா வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். உதிரி பேட்டரியைப் பெட்டியில் போடாமல் கைப்பையில்தான் வைக்கவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சந்தைப் படங்களை அழிக்காதே, பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. ஸ்நாப் தூரத்தை ஒரு மீட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று குனிந்தால் அவ்வளவுதான் வரும்.

அன்புடன்,
அப்பா