மாத்தறைக்குக் கடிதம் எழுதும் எங்கள் பிள்ளைகளுக்கு உதவுங்கள்

அன்பான பழைய மாணவர்களே, பெற்றோரே, வெளிநாடுகளில் வாழும் ஊர் உறவுகளே,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடசாலையின் தரம் 8 பிள்ளைகளும் தெற்கே மாத்தறையில் ஒரு சிங்களப் பாடசாலையின் அதே தரத்துப் பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்வது உங்களில் பலருக்குத் தெரியும். இரு பக்கமும் தலா 40 பேர். தரம் 6 இலிருந்து இங்கே சிங்களமும் அங்கே தமிழும் பாடமாக இருக்கின்றன. ஆனால் புள்ளி வாங்குவதோடு சரி, அந்த மொழியில் பழக ஆள் கிடைப்பதில்லை. இப்போது அரைப் பக்கம் மற்ற மொழியிலும் மிச்சத்தைத் தன் மொழியிலும் எழுதுகிறார்கள். கறுவா உரிக்கும் தகப்பனைப் பற்றி எழுதிய ஒரு பிள்ளை, மணந்து பார்க்கச் சொல்லி உறைக்குள் ஒரு கறுவாத் துண்டும் வைத்திருந்தாள். பதிலுக்கு இங்கிருந்து போன பனங்கட்டி வழியிலேயே இளகி, கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததாம். அன்றிலிருந்து பனங்கட்டிக்குத் தடை!

கடிதம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். ஆகாது. அப்படி நாங்கள் சொல்லவும் இல்லை. போரால் 1990 இல் நின்ற கொழும்பு ரயிலான யாழ்தேவி 2014 இல்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இந்தப் பெற்றோரில் பலர் சின்ன வயதில் கண்ட சிங்களவர் என்றால் சோதனைச் சாவடியில் நின்ற இராணுவத்தினர்தான். பிள்ளைகளுக்காவது தங்கள் வயதில் ஒருவரைத் தெரிந்திருக்கட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

இனிக் காசு விஷயம். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. தவணைக்கு இரண்டு கடிதம் என்றால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 300 ரூபாய், இரு பாடசாலைக்கும் சேர்த்து 24,000. எல்லாவற்றையும் ஒரே பொதியாக அனுப்பினால் மிச்சம் பிடிக்கலாமே என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தன் பெயர் எழுதிய உறை பாடசாலைக்கு வந்து, அதைத் தன் கையாலேயே கிழித்துத் திறக்கும் சந்தோசம் பொதியில் இல்லை. அதனால் தனித்தனியாகவே போகட்டும் என்று முடிவெடுத்தோம்.

முத்திரையை எப்படியும் சமாளித்துவிடுவோம். பெரிய செலவு பஸ்தான். ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் பிள்ளைகளை மாத்தறைக்குக் கூட்டிச் செல்ல ஆசைப்படுகிறோம். கொழும்பைத் தாண்டியும் நெடுந்தூரம் போகவேண்டிய பயணம் என்பதால் ஓர் இரவாவது தங்கவேண்டும். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் அந்தப் பாடசாலைப் பெற்றோர் பொறுப்பெடுத்துவிட்டார்கள். பஸ் வாடகை எங்கள் பொறுப்பு.

முடிந்ததைத் தாருங்கள். ஒரு பிள்ளையின் 300 ரூபாயை ஏற்றாலும் சரி, பஸ் வாடகையில் ஒரு பங்கை ஏற்றாலும் சரி. பாடசாலை அலுவலகத்தில் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சங்கப் பொருளாளரிடம் வங்கிக் கணக்கு விபரம் கேட்டுப் பெறலாம். வரவு செலவுக் கணக்கு தவணை முடிவில் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். காசாகத் தர வசதியில்லாதவர்கள் கடித உறைக் கட்டு ஒன்று வாங்கித் தந்தாலும் போதும்.

இப்படிக்கு,
கடிதத் திட்டக் குழு,
பழைய மாணவர் சங்கம்