‘தேவசாயல்’ கட்டுரை: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் தேவசாயல் பற்றி, அதாவது மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்ற வேதக் கருத்தைப் பற்றி, வந்த கட்டுரை, ஆதியாகமம் 1:26-இல் உள்ள ‘சாயல்’ மனிதனின் பகுத்தறிவு, ‘ரூபம்’ அவனது பரிசுத்தம் என்று பிரிக்கிறது. ஆதாமின் வீழ்ச்சியில் பின்னது தொலைந்தது, முன்னது மட்டும் மிஞ்சியது என்றும் சொல்கிறது. பிரசங்க மேடைகளில் பழகிய விளக்கம்தான். ஆனால் எபிரெய வசனத்தைத் திறந்து வைத்தால் இது நிற்காது.

மூலத்தில் உள்ள சொற்கள் ட்ஸெலெம், தெமூத். இரண்டுக்கும் நடுவே அங்கே ‘உம்’ இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தில் அது நுழைந்தது. நம் தமிழிலும் ‘சாயலாகவும்... ரூபத்தின்படியேயும்’ என்று இருக்கிறது. உம்மை வந்ததும் இரண்டு தனிப் பொருள்கள் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு 1:26-இல் ட்ஸெலெமைச் ‘சாயல்’ என்கிறது. ஆதாமின் மகன் சேத்தின் பிறப்பைச் சொல்லும் 5:3-இல் எபிரெயம் சொற்களின் வரிசையை மாற்றிப் போடுகிறது. அங்கே ‘சாயல்’ என்று வருவது தெமூத். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலோ 1:26-இலேயே ட்ஸெலெம் ‘உரு’, தெமூத் ‘சாயல்’. ஆகவே ‘சாயல்’ என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கோட்பாடு கட்டினால், பக்கம் புரட்டும்போதே அஸ்திவாரம் நகர்ந்துவிடும்.

இரண்டு சொற்களும் ஒன்றையே குறிக்கக்கூடும் என்பதற்கு வேதத்துக்கு வெளியிலும் சான்று கிடைத்திருக்கிறது. 1979-இல் சிரியாவின் டெல் ஃபெகெரியேயில் ஓர் ஆட்சியாளரின் கற்சிலை கண்டெடுக்கப்பட்டது. அதில் அசீரியத்திலும் அரமேயத்திலும் எழுத்துகள் உள்ளன. அரமேய வாசகம் அந்த ஒரே சிலையை ஓரிடத்தில் தெமூத் என்றும் இன்னோரிடத்தில் ட்ஸெலெம் என்றும், அவற்றின் அரமேய வடிவங்களில் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் திருச்சபைத் தந்தை இரேனேயு இந்த இரண்டையும் பிரித்துப் பேசினார் என்பது உண்மை. கிழக்குத் திருச்சபைகள் அந்தப் பிரிவை வைத்து ஆழமான இறையியலே வளர்த்திருக்கின்றன. அதை மதிக்கலாம், வசனத்தின் அகராதிப் பொருளாகக் காட்டக் கூடாது.

ட்ஸெலெம் மிகவும் கெட்டியான சொல்; கண்ணால் காணும் சிலையையே குறிக்கக்கூடியது. எண்ணாகமம் 33:52-இல் அழிக்கப்பட வேண்டிய விக்கிரகங்களுக்கும், தானியேல் 3-இல் நேபுகாத்நேச்சார் நிறுத்திய 60 முழ உயரப் பொற்சிலைக்கும் இதே சொல்தான். பண்டைய எகிப்தில் தெய்வத்தின் உரு என்பது அரசனுக்குரிய பட்டம். துட்டன்காமுன் என்ற பெயருக்கே ‘அமுனின் உயிருள்ள உரு’ என்று பொருள். அரசனுக்கு மட்டும் உரியதாயிருந்த அந்தப் பட்டத்தை ஆதியாகமம் ஆண், பெண் அனைவருக்கும் கொடுத்துவிடுகிறது. உடனே ஆளுகைப் பொறுப்பும் தரப்படுகிறது. அந்த ஆளுகை எப்படிப்பட்டது என்பதை 2:15-இன் ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்ற சொற்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டுரை அந்த வசனத்தைத் தொடவே இல்லை.

பழைய மொழிபெயர்ப்பு ‘சாயலில்’ என்னாமல் ‘சாயலாக’ என்றது கவனிக்கத்தக்கது. எபிரெய முன்னொட்டான ‘பெ’ இரண்டு விதமாகவும் பொருள் தரும். ‘ஆக’ என்று கொண்டால், சாயல் மனிதனுக்குள் வைக்கப்பட்ட ஒரு பொருளாக இராது; முழு மனிதனே சாயல். அதைப் பகுத்தறிவு என்று குறுக்கும்போது நடைமுறையில் என்ன ஆகும்? பச்சிளம் குழந்தை, அறிவு வளர்ச்சி குன்றியவர், மறதி நோயால் பிள்ளைகளின் பெயரையே மறந்துபோன முதியவர் ஆகியோரின் மதிப்பு அளவுகோலுக்குக் கீழே போய்விடும். நினைவு, அறிவு, சித்தம் என்று மனத்தில் சாயலைத் தேடிய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் திரித்துவத்தை விளக்கவே அந்த வழியில் போனார்; மனிதரைத் தரம் பிரிக்க அல்ல.

‘தொலைந்தது’ என்பதற்கும் வசனம் இடம் தரவில்லை. கொலையை விலக்கும் ஆதியாகமம் 9:6 ஜலப்பிரளயத்துக்குப் பிறகு சொல்லப்பட்டது. அதற்குக் காரணமாகக் காட்டப்படுவதே தேவசாயல்தான். யாக்கோபு 3:9 நாம் சபிக்கும் மனிதரையே தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்டவர்கள் என்கிறது. அங்கே வரும் ஹொமொயோசிஸ் என்ற கிரேக்கச் சொல், செப்துவஜிந்தில் தெமூத்துக்கு நின்ற அதே சொல். தொலைந்ததாகக் கட்டுரை சொல்லும் ‘ரூபம்’ இதுவே! பதினாறாம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தவாதிகள் சாயல் சிதைந்ததைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார்கள். ஆனாலும், அயலான் எவ்வளவு தகுதியற்றவனாக இருந்தாலும் அவனில் உள்ள தேவசாயலைப் பார்த்து நேசிக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவரான கால்வினே வலியுறுத்தினார்.

புதிய ஏற்பாடு கூடுதலாகச் சொல்வது வேறு. கொலோசெயர் 1:15-இல் அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம் கிறிஸ்து. ரோமர் 8:29, கொலோசெயர் 3:10 ஆகியவற்றில் விசுவாசி அவருக்கு ஒப்பாக மாற்றப்படுகிறான், புதுப்பிக்கப்படுகிறான். இது வளர்ச்சி, கூடும், குறையும். ஆதியாகமம் 9:6 பேசுவது நிலை. அதற்குக் கூடுதல் குறைவு கிடையாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் கட்டுரையின் மூலப் பிழை என்பது என் கருத்து.

கடைசியாக, பெண் ‘புருஷனுடைய சாயல்’ என்று 1 கொரிந்தியர் 11:7-ஐக் காட்டிக் கட்டுரை எழுதியிருப்பது தவறான மேற்கோள். அவள் புருஷனுடைய ‘மகிமை’ என்றுதான் பவுல் எழுதினார். ‘சாயல்’ என்ற சொல்லை அவர் அந்த இடத்தில் திருப்பிச் சொல்லவில்லை. ஆதியாகமம் 1:27 ‘ஆணும் பெண்ணுமாக அவர்களை’ என்று சொல்லியிருக்க, அவர் அப்படி எழுதியிருக்கவும் முடியாது. இந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்